முகத்தைப் பார்த்தால் மனசு தெரியுமா? உணர்ச்சிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணர்ச்சி, மனநிலை எல்லாம் ஒன்றுதானே?

பேச்சில் ஒன்றாகத்தான் புழங்குகிறோம், அதில் தப்பில்லை. ஆனால் பிரித்து வைத்துக்கொண்டால் சில குழப்பங்கள் தீரும். உணர்ச்சி எதையாவது பற்றி வரும். பின்னால் திடீரென்று ஹாரன் அடிக்கிறது, தூக்கிவாரிப் போடுகிறது, திரும்பிப் பார்க்கிறீர்கள், ஒரு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. காரணம் உண்டு, உடம்பில் மாற்றம் உண்டு, ஏதாவது செய்யத் தூண்டும் வேகமும் உண்டு. மனநிலைக்கு இப்படி ஒரு முகவரி கிடையாது. காலையிலிருந்தே எதுவும் பிடிக்கவில்லை, கேட்டால் காரணம் சொல்லத் தெரியவில்லை, "மூடு சரியில்லை" என்கிறோமே, அது மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஓடும். மூடு சரியில்லாத நாளில் சின்ன விஷயத்துக்கும் கோபம் பொத்துக்கொண்டு வரும். அந்தக் கோபத்துக்கு எதிரில் நிற்பவர்தான் காரணம் என்று நாம் மனதார நம்புவோம். பாதிச் சண்டைகள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

அடிப்படை உணர்ச்சிகள் மொத்தம் எத்தனை?

யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் எட்டு: நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி). அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் முதலில் சொன்னது ஆறு: கோபம், பயம், அருவருப்பு, மகிழ்ச்சி, துயரம், வியப்பு. இன்னொரு உளவியலாளர் ராபர்ட் புளுட்சிக்கின் கணக்கில் எட்டு, ஆனால் அது வேறு எட்டு. லிசா ஃபெல்ட்மன் பாரெட் போன்ற உளவியலாளர்களோ இந்த எண்ணும் வேலையே வீண் என்கிறார்கள். உடம்பின் நிலை, சூழ்நிலை, நாம் கற்ற சொற்கள் எல்லாவற்றையும் சேர்த்து மூளை அந்தந்த நேரத்தில் உணர்ச்சியைக் கட்டுகிறது என்பது அவர்கள் கட்சி.

எனக்குத் தொல்காப்பியப் பட்டியலில் பிடித்தது எண்ணிக்கை அல்ல, அதன் பெயர். மெய் என்றால் உடம்பு. உள்ளே நடப்பது உடம்பில் தென்படுவது மெய்ப்பாடு. இன்னொன்று, ஒவ்வொன்றும் எதனால் வரும் என்று நாலு நாலு காரணமும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது இழிவுபட்டாலும் அழுவான், இழந்தாலும் அழுவான், நிலை தாழ்ந்தாலும் அழுவான், இல்லாமையாலும் அழுவான். கண்ணீர் ஒன்றுதான், காரணம் நாலு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

பயம் வந்ததால் நெஞ்சு படபடக்கிறதா, நெஞ்சு படபடப்பதால் பயம் வருகிறதா?

கிண்டலாகக் கேட்கிற கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் 140 வருடமாக அடித்துக்கொள்கிறார்கள். 1884-இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் இரண்டாவதைச் சொன்னார். கரடியைப் பார்த்து உடம்பு நடுங்குகிறது, அந்த நடுக்கத்தை நாம் உணர்வதற்குப் பெயர்தான் பயம் என்றார். உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1927-இல் மறுத்தார். கோபத்திலும் பயத்திலும் இதயம் ஒரே மாதிரிதான் அடிக்கிறது, காய்ச்சலில்கூட அடிக்கிறது, பிறகு எதை வைத்து வித்தியாசம் தெரிகிறது என்பது அவர் வாதம்.

1962-இல் ஷாக்டர், சிங்கர் என்ற இரண்டு உளவியலாளர்கள் நடுவழி ஒன்று சொன்னார்கள்: உடம்பு கிளர்ச்சியை மட்டும் தருகிறது, அது என்ன உணர்ச்சி என்று சுற்றுமுற்றும் பார்த்து நாமே பெயர் வைக்கிறோம். அவர்களுடைய சோதனையின் முடிவுகள் அவ்வளவு வலுவானவை அல்ல, பின்னால் திரும்பச் செய்தபோதும் சரியாக வரவில்லை. ஆனாலும் அந்தக் கருத்தில் விஷயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். 1974-இல் கனடாவின் வான்கூவர் அருகே, ஆடும் கேபிலானோ தொங்குபாலத்தில் ஒரு பெண், கடந்து வந்த ஆண்களிடம் சில கேள்விகள் கேட்டுத் தன் போன் நம்பரையும் கொடுத்தார். ஆடாத, தாழ்வான பாலத்தில் சந்தித்தவர்களைவிட இங்கே சந்தித்தவர்கள்தான் அதிகம் பேர் பிற்பாடு அவருக்குப் போன் செய்தார்கள். பாலம் கிளப்பிய படபடப்பை அந்தப் பெண்ணால் வந்ததாக எடுத்துக்கொண்டார்கள் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

நடைமுறையில் இது எங்கே உதவும்? சரியாகத் தூங்காத மறுநாள், அல்லது பசியோடு இருக்கும்போது, யார்மேலாவது கடுப்பு வந்தால் உடனே முடிவெடுக்காதீர்கள். ஆத்திரத்தில் பாதி வயிற்றுக்குச் சொந்தமானதாக இருக்கலாம்.

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்கிறார்களே, அது உண்மையா?

இங்கேதான் கொஞ்சம் நிறைய எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மற்ற எல்லாக் கேள்விகளும் இதில்தான் வந்து முட்டுகின்றன.

உண்மை என்று சொல்கிறவர்கள் கையில் நல்ல ஆதாரம் உண்டு. 1872-இல் சார்லஸ் டார்வின், மனிதரும் விலங்கும் உணர்ச்சியை வெளிக்காட்டும் விதம் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். முகபாவங்கள் பெரும்பாலும் பிறவியிலேயே வருபவை என்பது அவர் முடிவு. 1967-68-இல் எக்மன் பப்புவா நியூ கினியின் மலைப்பகுதியில் வாழும் ஃபோரே மக்களிடம் போனார். வெளி உலகத்தோடு அவ்வளவாகத் தொடர்பில்லாதவர்கள். "இவருடைய பிள்ளை இறந்துவிட்டது" என்பது போல ஒரு சின்னக் கதை சொல்லி, சில முகப் படங்களைக் காட்டி, எது பொருந்தும் என்று கேட்டார். பெரும்பாலும் நாம் காட்டும் படத்தையே அவர்களும் காட்டினார்கள். பயத்தையும் வியப்பையும் மட்டும் அவர்களால் சரியாகப் பிரிக்க முடியவில்லை. அப்புறம் 2004 ஒலிம்பிக், பாராலிம்பிக் ஜூடோ போட்டிகளின் புகைப்படங்களை ஆராய்ந்தார்கள். பிறவியிலேயே பார்வையில்லாத வீரர்களின் முகம், வென்றபோதும் தோற்றபோதும், பார்வையுள்ளவர்களின் முகம் போலவே அசைந்தது. பார்த்துக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு வாய்ப்பே இல்லையே.

சரி, அப்படியானால் முடிந்தது கதை என்று நினைப்போம். இல்லை.

முதல் சிக்கல், கேட்கும் விதம். நாலைந்து சொற்களையோ கதையையோ கொடுத்துப் பொருத்தச் சொன்னால் பொருத்திவிடுவோம், பட்டியலை எடுத்துவிட்டு "இவர் என்ன உணர்கிறார்?" என்று வெறுமனே கேட்டால் பதில்கள் சிதறுகின்றன. அதே பப்புவா நியூ கினியில், ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் செய்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. நாம் பார்த்ததும் "பயம்" என்று சொல்லும் அகலத் திறந்த கண்ணும் வாயும் கொண்ட முகத்தை அங்கே இளைஞர்கள் கோபம், மிரட்டல் என்று படித்தார்கள்.

இரண்டாவது, உணர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது முகம் நம்மை ஏமாற்றிவிடும். 2012-இல் வந்த ஓர் ஆய்வில், முக்கியமான புள்ளியை வென்ற, இழந்த டென்னிஸ் வீரர்களின் முகத்தை மட்டும் வெட்டிக் காட்டினார்கள். வென்றவர் யார் தோற்றவர் யார் என்று பார்ப்பவர்களால் சொல்ல முடியவில்லை. உடம்பை மட்டும் காட்டியபோது சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், முழுப் படத்தையும் பார்த்தவர்களில் பலர் சரியாகச் சொல்லிவிட்டு, "முகத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். நாமும் தினமும் இதைத்தான் செய்கிறோம். சூழ்நிலை ஏற்கெனவே தெரியும், முகத்தைப் படித்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

மூன்றாவது, அன்றாட வாழ்க்கையில் கோபப்படுகிறவர் எல்லாம் முறைப்பதில்லை. ஒருவர் அமைதியாகிவிடுவார், ஒருவர் சிரிப்பார், ஒருவர் அழுவார். முறைக்கிறவர் எல்லாம் கோபத்தில் இருப்பதும் இல்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருக்கலாம், கண்ணாடி மறந்து வந்திருக்கலாம். பாரெட்டும் வேறு கட்சிகளைச் சேர்ந்த நான்கு விஞ்ஞானிகளும் உட்கார்ந்து கிடைத்த ஆய்வுகளையெல்லாம் புரட்டி 2019-இல் எழுதிய நீண்ட அறிக்கையின் சாரம் இதுதான்: முகத்தை மட்டும் வைத்து உள்ளே இருப்பதை உறுதியாகச் சொல்ல முடியாது.

என் கதையும் ஒன்று உண்டு. கூட வேலை பார்த்த ஒருவர் நான் பேசும்போதெல்லாம் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மனுஷனுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டி, கிட்டத்தட்ட ஒரு வருடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் ஒதுங்கியே இருந்தேன். பிற்பாடு அவரே சொல்லித்தான் தெரிந்தது: அவருக்கு ஒரு காது சரியாகக் கேட்காது, உன்னிப்பாகக் கேட்கும் முகம் அது. கூட்டத்திலேயே என்னைக் கவனித்துக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்!

அதனால் பழமொழி பொய் என்று சொல்ல மாட்டேன். முகத்தில் ஏதோ தெரியும். என்ன தெரிகிறது என்பதில்தான் தப்புப் பண்ணுகிறோம்.

பொய்ச் சிரிப்பைக் கண்டுபிடிக்க முடியுமா?

பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் 1862-இலேயே எழுதினார்: உண்மையான சிரிப்பில் உதட்டோடு கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கும், ஒப்புக்குச் சிரித்தால் கண் சிரிக்காது. பொதுவாகச் சரிதான். ஆனால் பலரால் அந்தத் தசையை வேண்டுமென்றே சுருக்க முடிகிறது, வாயை நன்றாக விரித்துச் சிரித்தாலே கன்னம் மேலேறிக் கண்ணோரம் சுருங்கிவிடுகிறது. இதை வைத்து யாரையும் பொய்யர் என்று தீர்ப்பு எழுத வேண்டாம். ஒப்புக்குச் சிரிப்பதும் பல நேரம் மரியாதைதான்.

பொய்யைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2006-இல் நூற்றுக்கணக்கான ஆய்வு முடிவுகளைத் திரட்டிப் பார்த்ததில், பொய்யையும் உண்மையையும் பிரித்துச் சொல்வதில் மனிதர்களின் சராசரி 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும்.

நாம் சொல்வதில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும்தான், சொல் வெறும் 7 சதவீதம் என்று படித்தேனே?

எல்லாப் பேச்சுப் பயிற்சி வகுப்பிலும் இந்தக் கணக்கு வரும். ஆல்பர்ட் மெஹ்ரேபியன் 1967-இல் செய்த இரண்டு சின்ன ஆய்வுகளிலிருந்து எடுத்தது. ஒரு சொல்லை வேறு வேறு தொனியில் சொல்லும்போது, சொன்னவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்பவர் எதை வைத்து முடிவு செய்கிறார் என்பதுதான் அங்கே கேள்வி. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். நம்பிக்கை இல்லையென்றால், தெரியாத மொழியில் ஒருவர் பேசுவதைப் பத்து நிமிடம் பாருங்கள். 93 சதவீதம் புரிகிறதா?

சந்தோஷத்தில் ஏன் அழுகை வருகிறது? துக்கத்தில் சிலருக்குச் சிரிப்பு வருகிறதே?

இரண்டாவது கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் குற்றவுணர்வோடுதான் கேட்கிறார்கள். "எல்லாரும் அழும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நான் கல்நெஞ்சா?" இல்லை. உணர்ச்சி ஒரு அளவுக்கு மேல் போகும்போது அதற்கு எதிரான வெளிப்பாடு வருவது பலருக்கும் நடக்கிறது. ஆனந்தக் கண்ணீர் அந்த வகைதான், கொழுகொழு குழந்தையைப் பார்த்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு "கடிச்சுத் தின்னுடுவேன்" என்பதும் அந்த வகைதான். இது நிலை தடுமாறிய மனதைச் சமனுக்குக் கொண்டுவரும் வழியாக இருக்கலாம் என்று 2015-இல் ஓர் ஆய்வு சொன்னது.

சிரிப்புக்கும் வேடிக்கைக்கும்கூட நாம் நினைக்கிற அளவு உறவு இல்லை. ராபர்ட் புரோவைன் என்பவர் பொது இடங்களில் மக்கள் சிரிப்பதைக் குறித்துக்கொண்டே போனார். பெரும்பாலான சிரிப்பு நகைச்சுவைக்கு வந்ததே அல்ல; "சரி, பார்க்கலாம்" மாதிரி சாதாரண வாக்கியங்களுக்குப் பின்னால் வந்தது. தனியாக இருப்பதைவிட நாலு பேரோடு இருக்கும்போது ஏறக்குறைய 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்றும் கண்டார். பதற்றத்திலும் கூச்சத்திலும் வரும் சிரிப்பும் இதில் அடக்கம்.

என் கணவர் / அப்பா / நண்பர் முகத்தில் எதையுமே காட்டமாட்டார். உணர்ச்சியே இல்லாதவரா?

காட்டாமல் இருப்பதும் இல்லாமல் இருப்பதும் வேறு வேறு. எதை யார் முன்னால் காட்டலாம், எதை விழுங்க வேண்டும் என்று ஒவ்வொரு குடும்பமும் சொல்லாமலே சொல்லித்தருகிறது. அழுதால் அடி விழுந்த வீட்டில் வளர்ந்தவர் ஐம்பது வயதிலும் அழமாட்டார். ஆனால் உள்ளே நடப்பது நிற்பதில்லை. 1990-களில் ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் செய்த சோதனைகளில், படம் பார்க்கும்போது முகத்தில் எதுவும் தெரியாமல் அடக்கச் சொன்னவர்களுக்கு அந்த உணர்ச்சி பெரிதாகக் குறையவில்லை. மாறாக, வியர்வை, ரத்த நாளச் சுருக்கம் போன்ற சில உடல் மாற்றங்கள் கூடின. மூடி போட்டால் கொதிப்பு நின்றுவிடாது.

வேறு காரணங்களும் இருக்கலாம். தன் உணர்ச்சி இன்னதென்று அடையாளம் காணவும் சொல்லவும் சிரமப்படும் இயல்பு சிலருக்கு உண்டு. பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் 1970-களில் இதற்கு அலெக்ஸிதைமியா என்று பெயரிட்டார். அவர்களிடம் "என்ன தோணுது?" என்று கேட்டால் "தலை வலிக்குது" என்பார்கள், மழுப்புகிறார்கள் என்று நினைக்கிறோம், அவர்களுக்குத் தெரிவதே அதுதான். ஆட்டிசம் உள்ள பலரின் முகபாவம் மற்றவர்கள் எதிர்பார்ப்பது போல அசையாது. பார்க்கின்சன் நோயில் முகத் தசைகள் இறுகி முகமூடி போல ஆகிவிடும். உள்ளே எல்லாம் இருக்கும், வெளியே வர வழி இருக்காது.

கோபத்தை அடக்கக்கூடாது, கொட்டித் தீர்த்துவிட வேண்டும் என்பது சரியா?

தலையணையைக் குத்து, கத்து, சரியாகிவிடும் என்று சொல்வார்கள். 2002-இல் பிராட் புஷ்மன் சோதித்துப் பார்த்தார். தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப் பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் குறைவு. கொட்டுவதும் சொல்வதும் ஒன்றில்லை. "நீ அப்படிச் சொன்னது எனக்கு அவமானமாக இருந்தது" என்று நிதானமாகச் சொல்வதை யாரும் தடுக்கவில்லை.

உணர்ச்சிக்குப் பெயர் வைத்தால் அது குறையும் என்கிறார்களே?

ஓரளவு. 2007-இல் மேத்யூ லீபர்மன் குழு மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, கோப முகத்தையோ பய முகத்தையோ பார்த்து அந்த உணர்ச்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு பயம் போன்ற உணர்ச்சிகளில் சுறுசுறுப்பாகும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் வேகம் குறைந்தது.

தமிழில் இதற்குச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை, நாம்தான் "டென்ஷன்", "அப்செட்" என்ற இரண்டை வைத்துக்கொண்டு ஒப்பேற்றுகிறோம். எரிச்சல் வேறு, ஆத்திரம் வேறு, ஆதங்கம் முற்றிலும் வேறு. எரிச்சலுக்கு ஒதுங்கினால் போதும், ஆதங்கத்துக்கு யாராவது கேட்க வேண்டும். வெட்கம், அவமானம், குற்றவுணர்வு மூன்றையும் பிரித்துப் பாருங்கள்: மூன்றிலும் தலை குனியும், ஆனால் மூன்றாவதில் மட்டும்தான் மன்னிப்புக் கேட்டால் வேலை முடியும். உடம்பை வைத்துச் சொல்லும் சொற்களும் கைகொடுக்கும். நெஞ்சு கனக்கிறதா, தொண்டை அடைக்கிறதா, வயிற்றில் புளியைக் கரைக்கிறதா, ரத்தம் கொதிக்கிறதா என்று கேட்டால் "தெரியலை" என்பவர்கூட ஒன்றைச் சொல்லிவிடுவார்.

கேமரா முகத்தைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்லுமாமே?

முகத் தசை அசைவதை நன்றாகவே அளக்கும். அசைவிலிருந்து மனசுக்குத் தாவுவதில்தான் மேலே சொன்ன அத்தனை சிக்கலும். மைக்ரோசாஃப்ட் 2022-இல் தன் முக ஆய்வுச் சேவையிலிருந்து உணர்ச்சியை ஊகிக்கும் வசதியை எடுத்துவிடுவதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 பிப்ரவரி முதல், மருத்துவம், பாதுகாப்புக் காரணங்கள் தவிர, வேலையிடத்திலும் கல்வி நிலையங்களிலும் இப்படிப்பட்ட மென்பொருளுக்குத் தடை. வேலைக்கான நேர்காணலில் என் புருவத்துக்கு ஒரு மென்பொருள் மார்க் போடுவதை நினைத்தால், எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு உணர்ச்சி எனக்கு வருகிறது.

அப்படியானால் எதிரில் இருப்பவர் மனசை எப்படித்தான் தெரிந்துகொள்வது?

கேளுங்கள். இவ்வளவுதானா என்று தோன்றும். 2018-இல் வந்த ஒரு கட்டுரையில் 25 சோதனைகள்: "அவர் இடத்தில் என்னை வைத்துப் பார்க்கிறேன்" என்று யோசிப்பது ஊகத்தைச் சரியாக்கவில்லை, நேராகக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் சரியாக்கியது. தான் சொல்வது சரி என்ற நம்பிக்கை மட்டும் இரண்டிலும் இருந்தது.

கேட்பதிலும் பக்குவம் வேண்டும். "ஏன் கோபமா இருக்கே?" என்பது கேள்வி இல்லை, தீர்ப்பு, இல்லாத கோபமும் அதைக் கேட்டதும் வந்துவிடும். கண்ணில் பட்டதை மட்டும் சொல்லுங்கள்: "ரெண்டு நாளா சரியா பேசலை, என்னாச்சு?" அதோடு, பொதுவான உடல்மொழி விதிகளை மறந்துவிட்டு அந்த ஆளின் வழக்கம் என்ன என்று பாருங்கள். கைகட்டி நிற்பவர் எப்போதுமே கைகட்டி நிற்பவர் என்றால் அதில் செய்தி ஒன்றும் இல்லை. வாயாடி ஒருவர் திடீரென்று அடங்கிப் போனால், அமைதியான ஒருவர் திடீரென்று சளசளவென்று பேசினால், அங்கே விஷயம் இருக்கிறது. "ஒண்ணுமில்லை" என்று பதில் வந்தால் நோண்டாதீர்கள். "சரி, சொல்லணும்னு தோணினா சொல்லு" என்று விட்டுவிட்டு, சாயங்காலம் பக்கத்தில் உட்காருங்கள். முகத்துக்கு நேராக உட்கார்ந்து கேட்பதைவிட, நடந்துகொண்டோ ஏதாவது வேலை செய்துகொண்டோ இருக்கும்போது பலர் எளிதாக வாய் திறக்கிறார்கள், இது என் அனுபவம்.

எப்போது இது வெறும் வருத்தம் இல்லை, மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்வது?

பெரும்பாலான நேரம் மனம் கனத்திருப்பது, முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போவது, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, கூடவே தூக்கமும் பசியும் கெட்டு, அன்றாட வேலையே ஓடவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். ஒன்று கவனியுங்கள், மனச்சோர்வு எல்லோருக்கும் சோகமாகத் தெரியாது. சிலருக்கு அது ஓயாத எரிச்சலாகவோ, காரணம் பிடிபடாத உடம்பு வலியாகவோ வரும்; சிலர் வெளியே கலகலப்பாகவே இருப்பார்கள். யாராவது சாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலோ, சாமான்களை எல்லாம் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாலோ, "தற்கொலை எண்ணம் வருகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் நாமே அந்த எண்ணத்தைக் கொடுத்துவிடுவோம் என்று பயப்படுகிறார்கள், அப்படி நடப்பதில்லை. "ஆமாம்" என்று பதில் வந்தால் அவரைத் தனியாக விடாமல், அன்றைக்கே உதவிக்கு அழைத்துப் போங்கள்.